வீணா பெயரில் ஒரு டேக்

என் மகள் வீணாவுக்கு மைசூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கோ-கோ விளையாட்டுக்காக இடம் கிடைத்தது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலிருந்து இதுவரை யாரும் விளையாடிக் கல்லூரிக்குப் போனதில்லை. சேதி வந்தபோது நான் பீன்யா தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டில் இருந்தேன். போனை வைத்த கையோடு பிளான்ட்டில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கேன்டீனில் தோசை சுடுகிறவரைக்கூட விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவியபிறகுதான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வீணாவுக்கு ஏழு வயதிலிருந்து சர்க்கரை. வயதானவர்களுக்கு வருகிற, மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை இது. அவள் உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது. வெளியிலிருந்து போட்டே ஆகவேண்டும்; ஒரு நாள் விட்டாலும் ஆஸ்பத்திரிதான். முதல் மூன்று வருடம் ஊசி போட்டது நான். நர்ஸ் ஒரு சாத்துக்குடியைக் கையில் கொடுத்து, அதில் குத்திப் பழகச் சொன்னார். சாத்துக்குடிக்கு நன்றாகத்தான் போட்டேன். குழந்தையின் தொடையைப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பித்தது, மூன்று வருடமும் நடுங்கியது. பத்து வயதில் ஒரு நாள் காலையில் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கை ஆடுதுப்பா. கொடு இங்க" என்று ஊசிப் பேனாவைப் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டாள். அன்றோடு என் வேலை போயிற்று. மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று, நாளைக்கு நான்கு ஊசி. எல்லாம் அவளே.

ஆனால் அப்போதெல்லாம் பக்கத்து அறையில் நான் இருந்தேன். மைசூரில் யார் இருப்பார்கள்? அதனால்தான் டாக்டர் வித்யாலட்சுமி இன்சுலின் பம்பைப் பற்றிச் சொன்னதும் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று வயிற்றில் பதித்த சின்னக் குழலுக்குப் போகும். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போது மட்டும் பட்டனை அமுக்கினால் போதும். ஓர் அறக்கட்டளை இலவசமாகத் தரத் தயாராக இருந்தது. இரண்டு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, பம்ப்பா ஊசியா என்று நாங்கள் பதில் சொல்லவேண்டும்.

நான் இருபத்து நான்கு வருடமாக மெயின்டெனன்ஸில் இருக்கிறேன். பிரஸ், கன்வேயர், கம்ப்ரசர் எல்லாம் என் கைக்குப் பழக்கம். மனிதர்கள் மறப்பார்கள், மெஷின் மறக்காது என்பது என் கட்சி. வீட்டுக்கு வந்ததுமே தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்.

"பம்ப் போட்டாத்தான் மைசூரு. இல்லன்னா மல்லேஸ்வரத்துல ஏதாவது காலேஜ்ல சேரு. நடந்தே போயிட்டு நடந்தே வரலாம்."

"மல்லேஸ்வரத்துல கோ-கோ சொல்லிக்கொடுக்கறது யாரு, உங்க மாமனாரா?" என்றாள் என் மனைவி சரளா. அவள் மாநகராட்சியில் தெருக் கூட்டுகிறவள். காலை ஆறு மணிக்கே தெருவில் நின்று பல பேரிடம் வாதாடிப் பழகியவள்.

வீணா கோபப்படவில்லை. "ரெண்டு வாரம் போட்டுப் பாக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்பா, நான் விளையாடறது கேரம் இல்ல" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்பது முதல் வாரத்திலேயே புரிந்தது. கோ-கோவில் அவள் துரத்துகிறவள். எதிராளி கைக்கு எட்டாமல் நழுவும்போது, நெஞ்சும் வயிறும் மண்ணில் தேய நீளமாகப் பாய்ந்து தொடவேண்டும். அந்தப் பாய்ச்சலுக்குத்தான் மைசூர்க்காரர்கள் இவளைக் கேட்டு வாங்கினார்கள். குழல் பதிந்திருப்பதோ அதே வயிற்றில். பம்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குமேல் கழற்றக் கூடாது. இவளுக்குக் காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி பயிற்சி. நடுவில் ஓடிப்போய் மாட்டுவாள், பிறகு கழற்றுவாள், மறுபடி மாட்டுவாள். முதல் வாரத்தில் இரண்டு தடவை பிளாஸ்திரியோடு குழல் பிய்ந்து மண்ணில் கிடந்தது.

நான் விடுவேனா? பிளான்ட்டில் கேபிள் கட்டுகிற பட்டை நாடாவை எடுத்துவந்து இடுப்பு பெல்ட் தைத்தேன். ஒட்டுவதற்குப் பம்பாய் பஜாரில்கூடக் கிடைக்காத பிளாஸ்திரியெல்லாம் வாங்கினேன். "இது மவுண்டிங் பிராப்ளம்தான், மெஷின் பிராப்ளம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீணா பொறுமையாக எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தாள். பம்பின் பட்டன்கள் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று அவள் படிக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெஷினில் அலாரம் அடித்தால் முதலில் அதை அமுக்கி வாயை மூடிவிடுவோம். சத்தம் நின்றால் சூப்பர்வைசர் ஓடி வரமாட்டார், லைன் நிற்காது. காரணத்தைப் பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கை தன்பாட்டுக்கு அமுக்கிவிடும், மூளைக்கு அதில் வேலையே இல்லை.

நல்ல பழக்கமும் ஒன்று உண்டு. ஒரு மெஷினைத் திறந்து வேலை செய்கிறவன், அதன் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டு, சிவப்பு நிற டேக் ஒன்றைத் தொங்கவிடுவான். அதில் அவன் போட்டோவும் பெயரும் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவனைத் தவிர வேறு யாரும் அங்கே கைவைக்கக் கூடாது, மேனேஜிங் டைரக்டரே வந்தாலும். அந்த டேக்கை வேலைக்குச் சேர்ந்தவுடன் தந்துவிட மாட்டார்கள். ஆறு வருடம் வேலை செய்து, பரீட்சை எழுதிய பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அன்று சரளா பாயசம் வைத்தாள்.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. வீணா காலையில் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, குளித்து, பிரியாணி சாப்பிட்டு, சாப்பாட்டுக்கான மருந்துக்குப் பட்டனை அமுக்கிவிட்டுக் கூடத்தில் பாயைப் போட்டுக் கவிழ்ந்து படுத்தாள். அடித்துப்போட்ட தூக்கம். சரளா தொம்மலூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பம்ப் கிண் கிண் என்றது. தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. பிள்ளை எழுந்துவிடப் போகிறாளே என்று எட்டி, இரண்டு பட்டனை அமுக்கினேன். நின்றது. கால் மணி நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினேன். மூன்றாம் தடவையும் அமுக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சாமிநாதன் டீக்கடைக்குப் போனேன்.

அங்கே உட்கார்ந்து நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "ஞாயித்துக்கிழமைன்னு பாக்காது, பண்டிகைன்னு பாக்காது. நாம தூங்கினாலும் அது வேலை செய்யும்" என்று சாமிநாதனிடம் பம்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். அவர் பாவம், இரண்டாவது டீயும் போட்டுக் கொடுத்தார்.

ஐந்து மணிக்குத் திரும்பினேன். வீணா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், பாதி காலி. விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் நானூற்றுப் பன்னிரண்டு என்று நின்றது. இருநூற்றைத் தாண்டினாலே எங்கள் வீட்டில் கவலைப்படுவோம்.

"கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் ஆட்டோ..."

"ஒண்ணும் பேசாதப்பா. மருந்தளவை எண்ணிட்டிருக்கேன்."

அவள் கையில் பழைய ஊசிப் பேனா இருந்தது. தொடையில் குத்தி, அமுக்கி, பத்து எண்ணி, எடுத்தாள். வயிற்றிலிருந்து குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது மடங்கிப்போயிருந்தது. காலையில் மண்ணில் பாய்ந்தபோது மடங்கியிருக்கவேண்டும். பிறகு பாத்ரூமுக்குப் போய், இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பில் சேரும் கீட்டோனைப் பட்டையில் சோதித்துவிட்டு வந்தாள். "கொஞ்சமா இருக்கு. பயப்படற அளவு இல்ல" என்றாள். டாக்டருக்கு அவளே போன் செய்து எத்தனை மணி, எத்தனை அளவு, என்ன போட்டேன் என்று வரிசையாகச் சொன்னாள். எங்கள் பிளான்ட்டில் பிரேக்டவுன் ஆனால் பத்துப் பேர் கத்துவோம். இவள் குரல் ஒரு இம்மி உயரவில்லை. ஏழு மணிக்கு இருநூற்று நாற்பதுக்கு வந்தாள், படுக்கும்போது நூற்று அறுபது. எனக்கு அழுகை வந்தது, அதோடு இப்படி ஒரு பிள்ளையா என்று பெருமையும் வந்தது. இரண்டையும் வெளியே காட்டாமல் பாத்திரம் கழுவினேன்.

அதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. வீணா பம்பை எடுத்து, நடந்ததைப் பதிந்து வைக்கும் பக்கத்தைத் திறந்தாள். பழுது வந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான். இரண்டு பத்து, மருந்து ஓட்டம் தடை. அமுக்கப்பட்டது. இரண்டு இருபத்தைந்து, தடை. அமுக்கப்பட்டது. இரண்டு ஐம்பது. அவள் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீட்டில் வேறு யாரும் இருந்திருக்கவில்லை. நான் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

சரளா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "டியூப் மடங்கிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். நானோ, "மெஷினே சரியில்ல, பேஜாரு பிடிச்ச மெஷின்" என்றேன். இருபத்து நான்கு வருடத்தில் ஒரு மெஷின்மேல் நான் வீண்பழி போட்டது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் பம்பைக் கம்ப்யூட்டரில் இணைத்து இரண்டு வாரப் பதிவையும் ஓட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றார். அவர் திருச்சிப் பக்கம், மெதுவாகத்தான் பேசுவார்.

"வீணா, மூணு தடவை அலாரம் அடிச்சிருக்கு. மூணு தடவையும் அமுக்கிட்டுத் தூங்கியிருக்கியேம்மா?"

வீணா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பம்ப்பா ஊசியாங்கறது அப்புறம். ரெண்டுமே நல்ல வழிதான், உனக்கு எது தோதோ அது. ஆனா அலாரத்தை அமுக்கிட்டுத் தூங்கற பொண்ணை ஹாஸ்டலுக்குத் தனியா அனுப்பலாம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? அந்தச் சர்ட்டிபிகேட்டை நம்பித்தானே காலேஜ்ல சேர்த்துக்கப் போறாங்க?"

வீணா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன், அவள் சொல்லப்போவதில்லை. மைசூர் போனாலும் போகட்டும், அப்பனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்மேல்தான். இந்தப் பிள்ளை மண்ணில் விழுந்து விழுந்து வாங்கிய இடத்தை நான் இரண்டு பட்டனில் தொலைக்கப் பார்க்கிறேன்.

"நான்தான் அமுக்கினேன் மேடம்" என்றேன். குரல் தேவைக்குமேல் சத்தமாக வந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவ தூங்கிட்டிருந்தா. பிளான்ட்டுல அமுக்கற மாதிரி அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா நானூறு. அப்புறம் அதைக் கீழ இறக்கினது பூரா அவதான். நான் ஆட்டோ, ஆட்டோன்னு கத்தினது மட்டும்தான் செஞ்சேன்."

சரளா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போனபிறகு அவள் சொன்னதையும்தான்.

டாக்டர் மறுபடி பதிவைப் பார்த்தார். ஞாயிறு சாயங்காலம் வீணா போனில் சொன்னதைத் தான் குறித்துவைத்த தாளையும் எடுத்துப் பார்த்தார். "சரியா செஞ்சிருக்கா. வரிசை மாறாம செஞ்சிருக்கா" என்றார். "இப்ப சொல்லு வீணா. உனக்கு எது வேணும்?"

"ஊசி மேடம்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஞாயித்துக்கிழமை நடந்ததுக்காக இல்ல. மெஷின் மேல ஒரு தப்பும் இல்லப்பா, அது மூணு தடவை கூப்பிட்டுச்சு. ஆனா எனக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வயித்துல விழணும். அரை மனசோட பாய முடியாது. குழல் பிஞ்சிடுமோன்னு நெனச்சு ரெண்டு வாரத்துல ஆறு பேரை விட்டுட்டேன். நாலு ஊசி எனக்குப் பழக்கம். விளையாட்டு முடிஞ்சு ஒரு நாள் வேலைக்குப் போவேன் இல்ல, அப்ப வந்து பம்ப் கேப்பேன்."

ஆறு பேரை விட்டதைக்கூட எண்ணி வைத்திருக்கிறாள்! நான் அந்த இரண்டு வாரமும் பிளாஸ்திரியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்ல ஒண்ணும் இல்ல மேடம். பம்ப் போட்டாத்தான் மைசூருன்னு சொல்லியிருந்தேன். அது கேன்சல்."

அவர் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். பம்பை நானே துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். நல்ல மெஷின்.

மறுநாள் பிளான்ட்டில் பிரஸ்ஸைத் திறந்து பூட்டுப் போட்டு, என் சிவப்பு டேக்கை மாட்டும்போது கை நின்றது. அதில் என் பெயர், பச்சைமுத்து, மெயின்டெனன்ஸ். இவர் மட்டுமே இதை அகற்றலாம். நேராக சேஃப்டி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிற ரவி என்னோடு சேர்ந்தவன். வீணாவின் போட்டோவைக் கொடுத்து, ஒரு டேக் அடித்துத் தரச் சொன்னேன்.

"யாருய்யா இது? நம்ம ஆளு இல்லையே?"

"ஆளு வேற. வேலை மெயின்டெனன்ஸ்தான்."

விஷயத்தைச் சொன்னதும் அவன் அடித்து, பிளாஸ்டிக் உறையும் போட்டுக் கொடுத்தான். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அபாயம், தொடாதே என்று மேலே. நடுவில் போட்டோ. கீழே வீணா பி. அதற்கும் கீழே, இந்தப் பெயருக்கு உரியவர் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது.

மைசூர் பஸ்ஸில் அவளிடம் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எனக்குச் சொல்றதா, உனக்குச் சொல்றதா?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்" என்றேன். அவள் சிரித்து, ஊசிப் பேனாக்கள் வைத்திருக்கிற நீலப் பையின் ஜிப்பில் அதைக் கட்டினாள்.

ஹாஸ்டல் வார்டன் மங்களம்மா கண்டிப்பானவர், ஆனால் நல்ல மாதிரி. சர்ட்டிபிகேட்டைப் படித்துவிட்டு, மருந்துகளெல்லாம் தன் அறையில்தான் இருக்கவேண்டும், வேளாவேளைக்குத் தானே எடுத்துக் கொடுப்பேன், இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் சட்டம் என்று கன்னடத்தில் சொன்னார். சொல்லிக்கொண்டே நீலப் பைக்குக் கையை நீட்டினார். பழைய பச்சைமுத்துவாக இருந்தால் ரொம்பச் சந்தோஷம் என்று நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

வீணா பையை விடவில்லை. டேக்கை மட்டும் அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

மங்களம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். போட்டோவைப் பார்த்தார். வீணாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏனிது?" என்று கன்னடத்தில் இது என்னவென்று கேட்டார்.

எங்கள் பிளான்ட்டில் இது எதற்கு என்று சொன்னேன்.

"எல்லாருக்கும் கொடுப்பார்களா இதை?"

"இல்லை மேடம். ஆறு வருஷம் வேலை செய்திருக்கணும். எனக்கே அப்போதுதான் கொடுத்தார்கள்."

"உங்கள் மகளுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று?"

பத்து வயதில் ஒரு காலை நேரம், என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாளே, அங்கிருந்து கணக்குப் போட்டேன்.

"எட்டு" என்றேன்.

மங்களம்மா நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். மிச்ச மருந்தை வைக்க ஆபீஸ் ஃபிரிட்ஜில் ஒரு தட்டை அவளுக்கு ஒதுக்கி, எந்த நேரமும் திறந்து எடுத்துக்கொள் என்று சாவி இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்தார். வீணா வாசல்வரை வந்தாள். மைதானம் எங்கே இருக்கிறது என்று அவள் கண் அதற்குள் தேட ஆரம்பித்திருந்தது. "போய்ட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் இதையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் பாதியில் ராமநகரத்தில் இறங்கிவிட்டார். மீதியைக் கண்டக்டரிடம் சொன்னேன்.